வீட்டில் 65, பரீட்சை ஹாலில் 43

தாராவி 90 அடிச் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், மார்ச் மாதத்து இரவொன்றில் ஒரு வீட்டில் சாப்பாடு ஆறிக் கிடந்தது. கிடங்கு ஒன்றில் கணக்கெழுதும் தந்தையும், மெக்கானிகல் பொறியியல் முடித்த மகனும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தனர். எம்.டெக். படிப்பில் சேர்வதற்கான ‘கேட்’ பரீட்சையின் முடிவு அன்றுதான் வந்திருந்தது.

“ஏலே, வீட்ல எழுதுனா 65 வருதுன்னியே. அங்க போயி 43 ஆனது எப்படிலே?”

“எனக்கே வெளங்கலப்பா.”

பயிற்சி வகுப்புக்குக் கட்டிய பணம் கூட்டுறவு சங்கத்தில் வாங்கிய கடன். பையன் இத்தனை நாளும் பொய் மார்க் சொல்லி வந்தானோ என்று தந்தைக்குச் சந்தேகம். பையன் சொன்னது பொய்யல்ல. ஆனால் அந்த 65 என்ற கணக்கில்தான் கோளாறு.

ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து நடத்தும் இந்தப் பரீட்சையில் 3 மணி நேரத்தில் 65 கேள்விகள்; மொத்தம் 100 மார்க். பையன் வீட்டில் எழுதிப் பார்த்தவை பெரும்பாலும் முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்கள். அவற்றிலுள்ள கணக்குகள் பலவும் பயிற்சி வகுப்பில் ஏற்கெனவே போர்டில் போட்டுக் காட்டப்பட்டவை. ஒரு முறை பார்த்த கணக்கு மறுமுறை வந்தால் விடை கைக்குத் தானாக வந்துவிடுகிறது, மார்க்கும் ஏறுகிறது. நடுவே டீ குடிக்க எழுந்தால் அந்தப் பத்து நிமிடத்தை யார் கழிக்கிறார்கள்?

இன்னொன்று கால்குலேட்டர். வீட்டில் கையடக்கக் கருவியில் விரல் பறக்கிறது. பரீட்சை ஹாலில் அதற்கு அனுமதியில்லை. கம்ப்யூட்டர் திரையில் தெரியும் கால்குலேட்டரில், ஒவ்வோர் எண்ணையும் மவுசால் தேடி அமுக்க வேண்டும். பழகாதவனுக்கு ஒவ்வொரு கணக்கிலும் நேரம் கழிகிறது.

பரீட்சை நாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் 2.30க்கு ஆரம்பம், சென்டரோ தாணேக்கு அப்பால். மத்திய ரயில்வேயில் அன்று மெகா பிளாக். நேர அட்டவணையைக் கையில் வைத்திருப்பவர்கள்கூட ஞாயிறன்று அதை நம்பிப் புறப்படுவதில்லை! சயான் ஸ்டேஷனில் காத்து நின்று, நெரிசலில் தொங்கி, வியர்த்து விறுவிறுத்துப் போய் உட்கார்ந்தவனுக்கு முதல் அரை மணி நேரம் எதுவும் ஓடவில்லை.

பெரிய நஷ்டம் கடைசிப் பதினைந்து நிமிடத்தில்தான். விட்டதைப் பிடிக்கும் வேகத்தில், தெரியாத கேள்விகளுக்கெல்லாம் குத்துமதிப்பாக விடை போட்டிருக்கிறான். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால், 1 மார்க் கேள்விக்கு மூன்றில் ஒரு பங்கும், 2 மார்க் கேள்விக்கு மூன்றில் இரண்டு பங்கும் கழிக்கப்படும். பிறகு தன் விடைத்தாளையும் அதிகாரபூர்வ விடைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில், 2 மார்க் கேள்விகளில் 9, 1 மார்க் கேள்விகளில் 3 தவறு. முன்னதில் 6 மார்க், பின்னதில் 1 மார்க் போயிற்று. அந்தப் பன்னிரண்டையும் தொடாமல் விட்டிருந்தால் 50.

“சரி, 43ன்னா பாஸா, பெயிலா?” என்று தந்தை கேட்டார்.

பள்ளிக்கூட மார்க் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது குழப்பமே. கேட்டில் நூற்றுக்கு வாங்கும் மார்க் வேறு, ஆயிரத்துக்குக் கணக்கிடும் ‘ஸ்கோர்’ வேறு. தகுதி மார்க்கைச் சரியாகத் தொட்டவருக்கு ஸ்கோர் 350. அந்தத் தகுதி மார்க் ஆண்டுக்கு ஆண்டு, பாடத்துக்குப் பாடம் மாறும். வினாத்தாள் கடினமாயிருந்தால் எல்லோருக்கும்தான் மார்க் இறங்கும். பையன் தகுதி பெற்றுவிட்டான். விரும்பிய கல்லூரிதான் எட்டவில்லை. அந்த ஸ்கோர் முடிவு வெளியான நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குச் செல்லும் என்று கேட்ட பிறகுதான் தந்தை தட்டைப் பக்கத்தில் இழுத்தார்.

இன்னொரு பயிற்சி வகுப்பில் சேர்க்க அவர் விசாரிக்கத் தொடங்கியிருந்தார். மகன் வேண்டாமென்றுவிட்டான். தான் இதுவரை புரட்டியிராத இரண்டு பழைய வினாத்தாள்களை மட்டும் தனியே எடுத்து வைத்தான். அதில் முதலாவதை அடுத்த ஞாயிறு மதியம் சரியாக 2.30க்கு, தெருமுனை கம்ப்யூட்டர் கடையில் ஒரு மிஷினை வாடகைக்கு எடுத்து எழுதினான். கால்குலேட்டர் தந்தையின் சட்டைப் பையில் இருந்தது, டீ கிடையாது.

மார்க் 47. தந்தை அந்த எண்ணைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார். 65 பற்றி அந்த வீட்டில் இப்போது பேச்சே இல்லை.