அசல் எங்கே?
(கறுப்புக் கோட்டு – தொடர் 11)

குர்லா மேற்கில் ரயிலைவிட்டு இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தால் பாந்த்ரா–குர்லா வளாகம். அமெரிக்கத் துணைத் தூதரகம் 2011 முதல் அங்கேதான் இருக்கிறது. சி.எஸ்.டி. சாலை வழியாகப் போனால் கலினா, மும்பைப் பல்கலைக்கழகத்தின் வித்யாநகரி. குர்லா மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சீனியருக்கு ஜாமீன் மனு எழுதிக் கொடுக்கும் ஒரு ஜூனியருக்கு நியூயார்க் பார் தேர்வு எழுத ஆசை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விசா பிற்பாடு. அவர் முதலில் போக வேண்டியது கலினாவுக்கு.

ஏனென்றால் நியூயார்க் முதலில் பார்ப்பது காகிதத்தை. வெளிநாட்டில் சட்டம் படித்தவர்களுக்கான விதியின் எண் 520.6. எத்தனை காலம் படித்தீர்கள், படித்த நாட்டுச் சட்டம் ஆங்கிலேயப் பொதுச் சட்ட வழியில் வந்ததா என்ற இரண்டையும்தான் அது துருவுகிறது. இரண்டாவதில் நமக்குக் கவலையில்லை. வெள்ளைக்காரன் விட்டுப்போன சட்டம்தானே. பட்டப்படிப்புக்குப் பிறகு மூன்றாண்டு எல்.எல்.பி. படித்தவரும் ஐந்தாண்டுப் படிப்பு முடித்தவரும், ஒழுங்காக வகுப்புக்குப் போயிருந்தால், பொதுவாக முதலாவதையும் தாண்டிவிடுவார்கள். அமெரிக்காவில் எல்.எல்.எம். படித்தே தீர வேண்டும் என்று விதி சொல்லவில்லை. இரண்டில் ஒன்று மட்டும் குறைந்தால் 24 கிரெடிட் எல்.எல்.எம். அதை ஈடுகட்டும். இரண்டும் குறைந்தால் எல்.எல்.எம். படித்தும் பயனில்லை. தபால் வழிப் படிப்பு கணக்கிலேயே சேராது. கடன் வாங்கி எல்.எல்.எம்.முக்குக் கிளம்பும் பிள்ளைகள் வங்கிக்குப் போவதற்கு முன் இந்த விதியை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். அதைச் சொல்லிக் கொடுப்பதில் ஏஜென்டுக்கு என்ன லாபம்?

வீட்டுப் பீரோவில் இருக்கும் மார்க்‌ஷீட்டை நோட்டரி முத்திரையோடு அனுப்பினால் நடக்காது. டிரான்ஸ்கிரிப்டைப் பல்கலைக்கழகமே நேராகத் தேர்வு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். விண்ணப்பதாரர் கை நடுவில் படக்கூடாது. தகுதி உண்டா என்று வாரியம் பார்த்துச் சொல்ல மாதக்கணக்கில் ஆகும். அமெரிக்காவில் சட்டம் படித்தவருக்கு 250 டாலராக இருக்கும் தேர்வுக் கட்டணம் வெளிநாட்டில் படித்தவருக்கு 750 டாலர். வேடிக்கை என்னவென்றால், நம் ஊரில் சனத், அதாவது வக்கீல் பதிவுச் சான்றிதழ், வாங்கப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. எண் ஒன்றுதான், நாணயம்தான் வேறு.

இந்தக் காகிதப் பாட்டை மும்பையில் வக்கீலாகப் பதிவுசெய்த ஒருவர் 130 ஆண்டுகளுக்கு முன்பே பட்டார். மோகன்தாஸ் காந்தி 1891 ஜூன் 10ஆம் தேதி லண்டனில் பாரிஸ்டர் ஆனார். அந்தக் காலத்தில் பரீட்சையைவிட விருந்து முக்கியம்: 12 பருவங்கள், பருவத்துக்குக் குறைந்தது ஆறு முறை சட்டக் கழகத்து விருந்தில் உட்கார வேண்டும். ஊர் திரும்பி பம்பாயில் ஸ்மால் காஸ் கோர்ட்டில் முதல் வழக்குக்கு எழுந்து நின்றவருக்கு வாய் வரவில்லை. வாங்கிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். 75 ரூபாய்ச் சம்பளத்தில் ஆங்கில ஆசிரியர் வேலை கேட்டுப் போனால், பி.ஏ. இல்லை என்று பள்ளிக்கூடத்தில் கைவிரித்துவிட்டார்கள். பாரிஸ்டர் பட்டம் எதற்குச் சமம் என்ற கேள்விக்கு அன்றும் ஆளுக்கொரு பதில்.

பிறகு தென்னாப்பிரிக்காவுக்குப் போய், அங்கே நேட்டால் உச்ச நீதிமன்றத்தில் வக்கீலாகப் பதிவுசெய்ய 1894இல் அவர் மனுப் போட்டபோது, அங்கிருந்த வழக்கறிஞர் சங்கம் எதிர்த்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, லண்டன் சான்றிதழின் அசல் மனுவோடு இல்லை என்பது. அசல் எப்படி இருக்கும்? பம்பாய் உயர் நீதிமன்றத்தில் பதிவுசெய்தபோதே அதை அங்கே ஒப்படைத்தாயிற்று. அவர் கையில் இருந்தது பம்பாய் கொடுத்த சான்றிதழ் மட்டும். உண்மையான ஆட்சேபம் தோல் நிறத்துக்குத்தான். அதையும் சங்கம் ஒளிக்கவில்லை. வெள்ளையர் ஆதிக்கம் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு. நீதிபதி வால்டர் ராக் இரண்டையும் தள்ளினார். பொய்ப் பிரமாணம் செய்திருந்தால் வழக்குப் போடலாம், பெயரையும் நீக்கலாம். நிறத்தைச் சட்டம் பார்ப்பதில்லை என்றார். செப்டம்பர் 3ஆம் தேதி காந்தியின் பெயர் பதிவேட்டில் ஏறியது. அடுத்த நிமிடம் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார் அதே நீதிபதி. காந்தி கழற்றினார்.

இன்றைய நியூயார்க் தலைப்பாகையைக் கழற்றச் சொல்வதில்லை. பிப்ரவரியிலும் ஜூலையிலும் கடைசி செவ்வாய், புதன் இரண்டு நாள் தேர்வு: 200 கொள்குறிக் கேள்விகள், ஆறு கட்டுரைகள், கோப்பைக் கையில் கொடுத்து மனுவோ குறிப்போ எழுதச் சொல்லும் இரண்டு பயிற்சிகள். 400க்கு 266 எடுத்தால் தேர்ச்சி. கோப்புப் பயிற்சியில் நம் ஜூனியர் தடுமாற மாட்டார் என்பது என் கணிப்பு. தினம் அதைத்தானே செய்கிறார்? பதிவு கேட்பதற்கு முன் 50 மணி நேரம் இலவசச் சட்ட உதவி செய்திருக்க வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. அதை உலகில் எங்கு செய்தாலும் ஏற்கிறார்கள். இவ்வளவும் முடித்துக் கையில் வருவது வக்கீல் பதிவுதான். அமெரிக்காவில் உட்கார்ந்து வேலை பார்க்க விசா தனி.

எதிர்த்திசையில் நாம் தாராளம் காட்டியதாகச் சொல்ல முடியாது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் 47ஆம் பிரிவு, நம்மவரை அனுமதிக்காத நாட்டாரை இங்கே அனுமதிக்காதே என்கிறது. வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்கள் இங்கே அலுவலகம் போட்டதற்கு 2009இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தடை சொன்னது. ஏ.கே. பாலாஜி வழக்கில், வந்து ஆலோசனை சொல்லிவிட்டுப் போகலாம் என்று 2012இல் சென்னை உயர் நீதிமன்றம் கொஞ்சம் கதவைத் திறந்தது. அது வழக்கமான தொழிலாகிவிடக் கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டியது. லண்டனில் எல்.எல்.பி. முடித்துவிட்டு வரும் நம் பிள்ளைகளே இங்கே கோட்டு மாட்ட பார் கவுன்சில் நடத்தும் தகுதித் தேர்வை எழுத வேண்டியிருக்கிறது.

அடுத்த வாரம்: கனடாவின் என்.சி.ஏ. தேர்வுகள்.