எஞ்சினோடு வேறு என்னென்ன மாறும்?

திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டைக்கு அருகிலுள்ள ஸ்ரீவராகத்தில், கோயில் குளத்தை ஒட்டிய தெரு ஒன்றில், 1998-ஆம் ஆண்டு வாங்கப்பட்ட மாருதி ஜென் கார் ஒன்று பானெட் கழற்றப்பட்ட நிலையில் நின்றிருந்தது. எஞ்சின் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. சற்றுத் தள்ளி, மரப்பலகைகளின் மேல், தார்ப்பாயால் மூடப்பட்டு வேறொரு எஞ்சின் காத்திருந்தது. அது மாருதி எஸ்டீம் காரிலிருந்து இறக்கப்பட்ட 1298 சிசி எஞ்சின்.

காரின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். அதில் புது எஞ்சினை ஏற்றத் துடித்தவர் அவருடைய மகன், டெக்னோபார்க்கில் பணிபுரியும் இளைஞர். இரண்டரை லட்சம் ரூபாய் தனிநபர் கடன் கேட்டு நமது வங்கிக் கிளைக்கு வந்திருந்தார். எதற்காக என்ற கேள்விக்கு அவர் மறைக்காமல் விடை சொன்னதால்தான் இக்கட்டுரை பிறந்தது. அவர் கேட்டுக்கொண்டபடி பெயரைத் தவிர்த்திருக்கிறோம்.

அவருடைய ஆசையைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிட நமக்கு மனமில்லை. இந்தியக் கார்ப் பந்தயத்தின் வரலாற்றில் பெரும்பகுதி, ஒரு வண்டியின் எஞ்சினை எடுத்து இன்னொன்றில் பொருத்தியவர்களால் எழுதப்பட்டது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த நாள்களில் இறக்குமதிப் பந்தயக் கார் என்பது செல்வந்தர் சிலருக்கே எட்டும் பொருளாக இருந்தது. மற்றவர்கள் கையில் இருந்ததை வைத்தே ஓட வேண்டியிருந்தது.

அந்த நிலையை மாற்றியவர் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். ஜவுளித் தொழில் குடும்பத்தைச் சேர்ந்த அவர் தாமும் ஒரு பந்தய வீரர். 1980-களின் இறுதியில், மாருதி 800 காரின் மூன்று சிலிண்டர் எஞ்சினை எடுத்து, இரும்புக் குழாய்களால் அமைந்த இலகுவான ஒற்றை இருக்கைச் சட்டகத்தில் பொருத்தினார். அதுவே ஃபார்முலா மாருதி. 796 சிசி எஞ்சின். நாற்பது குதிரைத்திறன்கூட இல்லை. ஆனால் சுமக்க வேண்டிய உடல் மெலிந்துவிட்டதால் அதே எஞ்சின் வேறொரு பிறவி எடுத்தது. உதிரி பாகங்களும் மலிவு; எந்த ஊரிலும் கிடைக்கும். கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன் ஸ்ரீபெரும்புதூரில் ஃபார்முலா மாருதியில் தொடங்கி, 2005-இல் ஜோர்டான் அணியின் ஓட்டுநராக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் அமர்ந்தார். அதைக் காணக் கரிவரதன் இல்லை. 1995-இல் சிறிய விமான விபத்தொன்றில் அவர் மறைந்துவிட்டார். செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீடுவே இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எஞ்சினை மட்டும் மாற்றவில்லை என்பதுதான் கரிவரதன் செய்ததில் நாம் கவனிக்க வேண்டியது. எஞ்சினுக்கு ஏற்ற வண்டியையே அவர் கட்டினார்.

அதே கோவையில் இந்த வேலை ஒருமுறை விற்பனைக்கூடம் வரையிலும் வந்தது. பந்தய வீரர் ஜே. ஆனந்தின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனமும் டாடா மோட்டார்ஸும் கூட்டாக 2018 அக்டோபரில் டியாகோ ஜே.டி.பி. என்ற காரை 6.39 லட்சம் ரூபாய் அறிமுக விலையில் வெளியிட்டன. சாதாரண டியாகோவின் பெட்ரோல் எஞ்சின் 85 குதிரைத்திறன் தந்தது. ஜே.டி.பி.யில் நெக்ஸானின் டர்போ எஞ்சின் ஏறியது. திறன் 114 ஆனது. நெக்ஸானில் 170 நியூட்டன் மீட்டராக இருந்த டார்க், இங்கே 150 ஆகக் குறைக்கப்பட்டிருந்தது. கியர் விகிதங்கள் திருத்தப்பட்டன. சஸ்பென்ஷன் மறுபடியும் சீரமைக்கப்பட்டு, வண்டி தரையை நோக்கி 4 மில்லிமீட்டர் இறங்கியது; டயர்கள் அகன்றன. பெரிய எஞ்சின் கையில் இருந்தும் அதன் முழு இழுவையையும் அவிழ்த்துவிடாத அந்தக் கட்டுப்பாடு நம்மைக் கவர்கிறது. பி.எஸ். 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்த 2020-ஆம் ஆண்டோடு இந்தக் கார் நின்றுவிட்டது என்பது வேறு செய்தி.

இனி ஸ்ரீவராகத்துக்குத் திரும்புவோம். ஜென்னின் எஞ்சினும் எஸ்டீமின் எஞ்சினும் சுசுகியின் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஜென்னின் சிலிண்டர் விட்டம் 72 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 61. ஆக 993 சிசி. எஸ்டீமில் 74-ம் 75.5-ம், ஆக 1298 சிசி. கார்புரேட்டர் கொண்ட பழைய ஜென் 50 குதிரைத்திறன் தரும். பதினாறு வால்வு கொண்ட பிற்கால எஸ்டீம் எஞ்சின் 85 தரும். வண்டியின் எடையோ ஏறத்தாழ முக்கால் டன்தான். கணக்கைக் கேட்டாலே கால் ஆக்சிலரேட்டரைத் தேடும்!

அந்தப் பணிமனையில் எல்லோரும் ஆசான் என்று அழைக்கும் மூத்த மெக்கானிக் ஒருவர் நம்மை அருகே அழைத்து, எஞ்சின் இல்லாத குழியைக் காட்டி விளக்கினார். எஞ்சின் மவுன்டுகள் பொருந்த வேண்டும். அதிகத் திறன் என்றால் அதிக வெப்பம். பழைய ரேடியேட்டர் அதைத் தாங்காது. கார்புரேட்டர் வண்டியில் எரிபொருளை ஊசிமுனையாகத் தெளிக்கும் எஞ்சினை வைத்தால், டாங்கில் உயரழுத்தப் பம்பு வேண்டும். எரிபொருள் குழாய், வயரிங், கட்டுப்பாட்டுக் கணினி எல்லாம் புதிதாக வேண்டும். கிளட்ச் நழுவும். கியர் பெட்டி 50 குதிரைகளுக்காகச் செய்யப்பட்டது. கடைசியாக அவர் சொன்னது பிரேக்கைப் பற்றி.

பிரேக்கைப் பற்றி நாமும் ஒரு சொல் சேர்க்க வேண்டும். ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் வளர்கிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்துவதைவிட 140-இல் நிறுத்தப் பிரேக் ஏறத்தாழ இரு மடங்கு ஆற்றலை வெப்பமாக மாற்றியாக வேண்டும். எஞ்சினுக்கு இரண்டு லட்சம் செலவிடத் தயாராக இருப்பவர்கள் பிரேக்குக்கு இருபதாயிரம் என்றதும் முகம் சுளிப்பதை ஆசான் பலமுறை கண்டிருக்கிறாராம்.

அடுத்து நாம் பதிவுச் சான்றிதழைக் கேட்டோம். தந்தையார் அலமாரியிலிருந்து எடுத்து வந்தார். உறை மாற்றிப் போட்டு, மடிப்புக் கலையாமல் வைத்திருந்த கே.எல். 01 பதிவு. 2013-இல் பதினைந்து ஆண்டு நிறைந்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு வந்திருக்கிறது. அடுத்த முறை 2028. அந்த நாளில் ஆய்வாளர் சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் பார்த்து, சான்றிதழோடு ஒப்பிடுவார். 993 என்று எழுதிய இடத்தில் 1298 நிற்கும்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவில் இதைத் தெளிவாகவே சொல்கிறது. தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் வேறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. வேறு எரிபொருளுக்கோ மின்கலத்துக்கோ மாற்றும் அங்கீகரிக்கப்பட்ட உபகரணங்களுக்கு நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில்தான் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவைக் கண்டிப்பாகப் பொருள்கொண்டு தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பழுதான எஞ்சினுக்குப் பதில் அதே நிறுவனத்தின், அதே வகை எஞ்சினை ஏற்றுவது வேறு. அதையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துப் புதிய எண்ணைப் பதிய வேண்டும். அதற்கு எஞ்சின் வாங்கிய ஆவணம் வேண்டும். இளைஞரிடம் இருந்ததோ ஒரு துண்டுச் சீட்டு. எந்த வண்டியிலிருந்து இறக்கிய எஞ்சின் என்பதற்குத் தாள் எதுவும் இல்லை.

காப்பீட்டிலும் இதே சிக்கல் உண்டு. மூன்றாம் நபர் காப்பீட்டின் பிரீமியம் எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்தது: 1000 சிசி வரை ஒரு கட்டணம், 1500 வரை இன்னொன்று. 993-க்குப் பணம் கட்டி 1298-இல் ஓடும் வண்டி விபத்தில் சிக்கினால், சொந்தச் சேதத்துக்கான கோரிக்கை மறுக்கப்பட வாய்ப்புண்டு. யாரேனும் காயமுற்று இழப்பீடு வழங்க நேர்ந்தாலோ, நிபந்தனை மீறலைச் சுட்டி அத்தொகையை உரிமையாளரிடமே திரும்பக் கேட்கக் காப்பீட்டு நிறுவனம் முயலலாம். அது எஞ்சின் விலையைப் போலப் பலமடங்கு இருக்கும். பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் நேரும் சேதத்தைச் சாதாரணப் பாலிசி ஏற்பதில்லை என்பதும் பலர் படிக்காமல் விடும் வரி.

இந்தக் கார் கடனில் இல்லை. கடனில் இருந்திருந்தால் வண்டியே வங்கிக்கு ஈடு; பதிவுச் சான்றிதழில் வங்கியின் பெயரும் இருக்கும். அந்நிலையில் கடன் கொடுத்தவரின் எழுத்து மூலமான இசைவு இல்லாமல் எஞ்சினில் கை வைக்கக் கூடாது. தவணை முறையில் வாங்கிய வண்டிக்குச் சட்டமே அதைச் சொல்கிறது. இசைவு கேட்டு வருவோர் மிகக் குறைவு என்பதை நாம் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

இத்தனையும் கேட்ட இளைஞர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, பழைய எஞ்சினையே முறையாகக் கட்டினால் என்ன என்று ஆசானிடம் கேட்டார். ஆசானின் முகம் மலர்ந்தது. எஞ்சினைக் கட்டுவது ஏற்றுவதைவிட நுணுக்கமான வேலை. பிளாக்கை லேத் பட்டறைக்கு அனுப்பி, சிலிண்டர்களை 0.25 மில்லிமீட்டர் பெரிதாக்கி, அதற்கேற்ற பிஸ்டன்களும் ரிங்குகளும் போட வேண்டும். சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாய் ஹானிங் கோடுகள் இழைக்கப்பட வேண்டும். எண்ணெய் அந்தக் கோடுகளில்தான் தங்கும். கிராங்க் ஷாஃப்ட் சமநிலை பார்க்கப்பட வேண்டும். வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்து, சிலிண்டர் ஹெட்டின் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, டார்க் ரெஞ்சால் படிப்படியாக முறுக்க வேண்டும். முதல் ஆயிரம் கிலோமீட்டர் பொறுமையாக ஓட்ட வேண்டும். புதிதாய் வந்த நாளில் ஜென் காட்டிய துள்ளலை மறந்தவர்கள்தான் அதற்கு வேறு எஞ்சின் தேடுகிறார்கள் என்பது ஆசானின் கட்சி. அவர் பேச்சில் ஜென் மீதான பிரியம் சற்றுத் தூக்கலாக இருந்தது. ஆனாலும் நாம் மறுக்கவில்லை.

இரண்டரை லட்சத்துக்கான விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டு, அறுபதாயிரத்துக்கு வேறொன்று வந்திருக்கிறது. எஸ்டீம் எஞ்சினைக் கோவையில் பந்தய வண்டிகளுக்கு எஞ்சின் கட்டும் யாருக்காவது விற்கலாம் என்று பேச்சு. சாலைக்கு வராத வண்டியில் அதற்கு இன்னும் வாழ்வு உண்டு.

நாம் கிளம்பும்போது பழைய எஞ்சின் பிளாக், பட்டறைக்குச் செல்ல ஆட்டோவில் ஏறியிருந்தது. தந்தையார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் டார்ச் விளக்கும் மறுகையில் பதிவுச் சான்றிதழுமாக அதன் அருகே குனிந்திருந்தார். எண்ணெய்க் கறையைத் துணியால் துடைத்து, பிளாக்கில் பொறித்த எஞ்சின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுப் படித்து, சான்றிதழோடு சரிபார்த்தார். பிறகுதான் ஆட்டோவைப் போகச் சொன்னார்.