மாடிக்கு வயல் மண் வேண்டாம்!

பிள்ளைகளோடு இருக்கச் சென்னைக்குப் போகும் விவசாயப் பெற்றோருக்குச் சாப்பாட்டுக்குக் குறை இருக்காது. கைக்கு வேலைதான் இருக்காது. விதைத்து, அறுத்துப் பழகியவர்கள் நாலு சுவருக்குள் சும்மா இருந்தால் மனம் சோர்ந்துவிடும். அதற்கு நல்ல மருந்து, மொட்டை மாடித் தோட்டம்.

ஆனால், ஊர்ப் பழக்கத்தில் வயல் மண்ணை மாடியில் கொட்டிப் பாத்தி கட்டாதீர்கள். ஒரு கன அடி ஈரமண் சுமார் 50 கிலோ. பத்துக்குப் பத்தடி இடத்தில் ஓர் அடி உயரம் பரப்பினால் 5 டன் பாரம்! கழுவிய தென்னை நார்க்கழிவு 2 பங்கு, செம்மண் 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு கலந்து பைகளில் நிரப்புங்கள். எடை குறையும்; ஈரமும் நிற்கும். அடியில் துளையிட்ட பைகளைச் சுவரோரமாகச் செங்கல் மேல் வையுங்கள். தளத்தில் நீர் தேங்காது. வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

முதலில் முளைக்கீரை விதையுங்கள். சுமார் 25 நாளில் பறிக்கலாம். பிறகு கத்தரி, மிளகாய், பந்தலில் சுரை, பீர்க்கன். கொடி பூத்தும் பிஞ்சு வெம்பி உதிர்ந்தால், தேனீ வரவில்லை என்று பொருளாக இருக்கலாம். ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தடவுங்கள். பூசணிக்கு அதிகாலை, சுரைக்கும் பீர்க்கனுக்கும் மாலை நேரம். ஏப்ரல், மே வெயிலுக்கு நிழல்வலை அவசியம்.

செடி தழைத்தால் தேன்சிட்டும் அணிலும் தேடி வரும். அடுத்தமுறை ஊரிலிருந்து திரும்பும்போது ஒரு கைப்பிடி நாட்டு விதை கொண்டு செல்லுங்கள். ஒன்றிரண்டு காய்களை முற்றவிட்டால் மறு பட்டத்துக்கும் விதை கிடைக்கும். பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம்.