கொற்கை முத்தும் கல்லூரிப் பாடமும்

"தமிழ் பயிலும் உமக்கு விஞ்ஞானம் எற்றுக்கு?" என்று எம்மை வினவுவார் பலர். யாமும் கல்லூரியிற் சேர்ந்த புதிதில் அவ்வாறே எண்ணினோம். முதற்பகுதியில் தமிழ், இரண்டாம் பகுதியில் ஆங்கிலம், மூன்றாம் பகுதியில் சிறப்புப் பாடமும் அதன் சார்புப் பாடங்களும் என வகுக்கப்பட்டுள்ள முறை எமக்கு வீண்சுமையாகவே தோன்றியது. அவ்வெண்ணம் மாறிய வரலாற்றை ஈண்டு உரைப்போம்.

சென்ற விடுமுறையில் திருச்செந்தூரில் தங்கியிருந்த யாம், ஒருநாள் கொற்கையைக் காணச் சென்றோம். அகநானூறும் மதுரைக்காஞ்சியும் புகழும் பாண்டியர் துறைமுகம் அது. அதன் பெருமையை யாம் விரித்துரைக்கக் கேட்டிருந்த ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன், "கடலையே காணோமே, இங்கே எப்படி அண்ணாச்சி கப்பல் வந்தது?" என்றான். கடலோ ஏறத்தாழ 6 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. பாட்டுக்கள் பல அறிந்த எமக்கு விடை தோன்றவில்லை, நாணி நின்றோம்.

கல்லூரிக்கு மீண்டபின் விடையைத் தேடினோம். தாமிரபரணி நெடுங்காலம் கொணர்ந்து குவித்த வண்டலால் நிலம் வளரக் கடல் விலகிற்று என்றது பூகோள நூல். ஊரின் பழமையைப் பௌதிகம் உணர்த்திற்று. உயிர் நீங்கிய பொருளிலுள்ள கதிரியக்கக் கரிமம் ஏறத்தாழ 5,730 ஆண்டுகளிற் பாதியாகக் குறையும். இக்கணக்கைக்கொண்டே, 1968-69இல் கொற்கையில் அகழ்ந்தெடுத்த கரித்துண்டிற்குக் கி.மு. 785 அளவினதான காலம் குறித்தனர். முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிபுளுஸ் என்னும் நூலும் அவ்வூர் முத்துக்குளிப்பைக் கூறுகின்றது. அதனை யாம் கற்றது ஆங்கிலத்தின் வாயிலாகவே.

இனி, முத்தை நோக்குவோம். மழைத்துளி சிப்பியுள் வீழ்ந்து முத்தாகும் என்பது பழைய நம்பிக்கை. உட்புகுந்த பொருளின்மேல் சிப்பியின் உடற்றசை ஒளிர்படலங்களை அடுக்கடுக்காகச் சுரப்பதே முத்து என்பர் விலங்குநூலார். அதன் பெரும்பகுதி சுண்ணாம்புப் பொருளே என்பர் இரசாயன நூலார். இவ்வறிவின் துணையால் 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை விளைவித்தனர்.

"அகல உழுவதினும் ஆழ உழுவதே நன்று அன்றோ?" எனின், நன்றே. ஆயினும் ஆழ உழுத நிலத்திற்கும் அயலிலுள்ள குளத்தினின்றே நீர் பாய வேண்டும். நம் நெல்லைச் சீமையில் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அவரே பின்னர்க் கொற்கை மண்ணையும் அகழ்ந்து ஆராய்ந்தார். 1881இல் திருநெல்வேலிச் சரித்திரமும் எழுதினார். ஒரு துறையில் வேரூன்றியவர் பிற துறைகளை அயலாகக் கருதவில்லை.

மாணாக்க அன்பர்களே! சார்புப் பாடத்தைத் தேர்வுக்கு மட்டும் கற்று மறவாதீர்கள். அச்சிறுவனை மீண்டும் காணின் யாம் இப்பொழுது விடை கூற வல்லோம். அவ்விடையோ எம் சிறப்புப் பாடத்திற்கு வெளியே கிடைத்தது. அதனை அறிந்தபின் எம் தமிழ்ப் பாட்டுக்களே எமக்கு முன்னினும் தெளிவாக விளங்குகின்றன.