முடிச்சு நழுவினால் கட்டு போச்சு

ஜொகூரில் புல்லைக் காயவைப்பதே பெரும்பாடு. வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை இழுக்கும். மற்ற மாதங்களிலும் பிற்பகல் மழைக்கு நாள் கணக்கு கிடையாது. அதனால் நேப்பியர் புல்லைப் பச்சையாகவே அறுத்துப் போடுகிறார்கள், இல்லையென்றால் நறுக்கிக் காற்றுப் புகாமல் அடைத்துப் பதப்படுத்துகிறார்கள். வைக்கோலுக்கு வடக்கேதான் பார்க்கவேண்டும். கெடாவின் மூடா பாசனப் பகுதியில் ஏறத்தாழ 1 லட்சம் ஹெக்டரில் ஆண்டுக்கு இரண்டு போகம் நெல் விளைகிறது.

ஆனாலும் ஜொகூரில் பழைய பேலர் (வைக்கோலைக் கட்டாகக் கட்டும் இயந்திரம்) ஒன்றை மலிவாக வாங்கிக் கட்டுப் போட நினைப்பவர், பெயின்டைப் பார்த்து மயங்க வேண்டாம். சதுரக் கட்டு போடும் பேலரின் உயிர் முடிச்சுப் பொறியில் இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜான் ஆப்பிள்பி 1870களில் கதிர்க்கட்டு கட்டும் இயந்திரத்துக்காக உருவாக்கிய பொறியின் வாரிசுகள்தான் இன்றும் பல பேலர்களில் ஓடுகின்றன. ஊசி கயிற்றைக் கொண்டுவர, பறவை அலகு போன்ற கொக்கி சுழன்று முடிச்சிட, சிறு கத்தி நுனியை அறுக்கும். எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில்.

கட்டு அவிழ்ந்து கிடந்தால் உடனே திருகாணியைத் திருப்பாதீர்கள். கயிற்றை எடுத்துப் பாருங்கள். ஒரு முனையில் மட்டும் முடிச்சு இருந்தால், கயிற்றைப் பிடிக்கும் தட்டின் இறுக்கம் போதவில்லை. முனை பிய்ந்து நூல் நூலாகத் தொங்கினால் கத்தி மழுங்கியிருக்கலாம், அல்லது பிடி அளவுக்கு மேல் இறுகியிருக்கலாம். கொக்கியில் துரு ஏறினால் முடிச்சு நழுவாமல் ஒட்டிக்கொள்ளும். ஜொகூர் ஈரக்காற்றில் துரு ஏற அதிக நாள் தேவையில்லை. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினால் போதும்.

கட்டு வாழைப்பழமாக வளைந்து வந்தால், வைக்கோல் ஒரு பக்கமாகவே உள்ளே போகிறது, அல்லது அழுத்தும் பலகையின் கத்தி கூர் இழந்திருக்கிறது. அந்தக் கத்திக்கும் கட்டு உருவாகும் அறையிலுள்ள நிலைக்கத்திக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கவேண்டும். நெல் வைக்கோலில் சிலிக்கா மிகுதி. புல்லைவிட வேகமாகக் கத்தியைத் தின்றுவிடும்.

பாதுகாப்பு போல்ட் அடிக்கடி முறிகிறதென்று கெட்டியான போல்ட்டை மாட்டுவது மகா தப்பு. அது முறிவதற்கென்றே இருப்பது. முறியாவிட்டால் ஊசி உடையும். கையால் சக்கரத்தைச் சுற்றிச் சோதிக்கும் முன் டிராக்டரை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள்.

இத்தனை செய்தும் ஈர வைக்கோலைக் கட்டினால் பயனில்லை. ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும், உள்ளே சூடேறும், சில நேரம் தானாகத் தீயும் பிடிக்கும். வேலை முடிந்ததும் அறையிலுள்ள தூசியைக் காற்றடித்து நீக்குங்கள். ஒட்டிய வைக்கோல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு சங்கிலிக்கு எண்ணெய், பேரிங்குக்கு கிரீஸ், கூரைக்கடியில் நிறுத்தம்.

விலை பேசுமுன் வயலில் பத்துக் கட்டு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால், அந்தப் பேலர் வேண்டாம்.