"மாமா மாதிரி லேட்டாத்தான் பேசுவான்!"

ஆவுடையார்கோவில் போனவர்கள் கொடுங்கையை அண்ணாந்து பார்க்காமல் வரமாட்டார்கள். அந்தக் கோயிலோடு சேர்த்துப் பேசப்படும் மாணிக்கவாசகர், கருவில் சிசு மாதாமாதம் எத்தனை கண்டம் தாண்டிப் பிழைக்கிறது என்று 'போற்றித் திருவகவலில்' வரிசையாகச் சொல்லியிருப்பது தெரியுமா உங்களுக்கு? செல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் ஒரு கண்டத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

செல்லில் இருக்கும் மரபணுத் தொகுதியை ஒரு பெரிய சமையல் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை அடுப்படிக்கு யாரும் தூக்கிப் போவதில்லை. வேண்டிய பக்கத்தை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புவார்கள். அந்தச் சீட்டுதான் தூது ஆர்.என்.ஏ. அதைப் படித்துத்தான் புரதம் தயாராகிறது.

சீட்டு வந்ததுமே சமைத்துவிடலாமா? கூடாது. "இரு, இப்ப வேண்டாம்" என்று சீட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள, நேரம் வந்ததும் விட, தனிப் புரதங்கள் உண்டு. சீட்டிலுள்ள எழுத்து வரிசையையோ, அது மடிந்திருக்கும் வடிவத்தையோ அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும்.

மூளையில் நரம்பு செல்கள் இணையும் இடத்தில் இப்படி பிரேக் போடுவது எஃப்.எம்.ஆர்.பி. என்ற புரதம். இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதை 1991-ல் கண்டுபிடித்தார்கள். அதில் மூன்றெழுத்துத் துணுக்கு ஒன்று திரும்பத் திரும்ப வரும். 45 தடவைக்குள் இருந்தால் கவலையில்லை. 200-ஐத் தாண்டினால் மரபணுவே வாயை மூடிக்கொள்ளும். பிரேக் போச்சு! இதுதான் 'ஃப்ரஜைல் எக்ஸ்'.

பேச்சு தாமதம், முகம் பார்க்கக் கூச்சம், கையை உதறுவது, ஒரு நிமிஷம் உட்காராத துறுதுறுப்பு. வளர வளர நீண்ட முகம், பெரிய காது. இன்னொரு எக்ஸ் துணைக்கு இருப்பதால் பெண் குழந்தைகளுக்குப் பாதிப்பு பெரும்பாலும் குறைவு.

"மாமா மாதிரி லேட்டாத்தான் பேசுவான்" என்று பாட்டி சொன்னால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். அந்தத் தாய்மாமன் கடைசிவரை சரியாகப் பேசினாரா என்று கேளுங்கள். 55 முதல் 200 வரை துணுக்குள்ள அம்மா பார்வைக்கு நன்றாகவே இருப்பார். அவரிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போதுதான் எண்ணிக்கை எகிறுகிறது. இப்படிப்பட்ட சில பெண்களுக்கு 40 வயதுக்குள் மாதவிலக்கு நின்றுவிடும். தாத்தாவுக்கு வயதான காலத்தில் கை நடுங்கலாம். மருமகளைக் குற்றம் சொல்ல இதில் ஒன்றுமே இல்லை, அவர் கேட்டு வாங்கி வந்ததா?

அடியோடு குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் பேச்சுப் பயிற்சியைச் சின்ன வயதிலேயே ஆரம்பித்தால் நல்ல பலன் உண்டு. சாதாரண குரோமோசோம் பரிசோதனையில் இது தப்பிவிடலாம். 'எஃப்.எம்.ஆர்.1' டி.என்.ஏ. ரத்தப் பரிசோதனை என்றே டாக்டரிடம் கேளுங்கள். அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே கேட்டுவிடுங்கள்.