உழைப்பின் பளுவை அளத்தல்

மூட்டையின் எடையைத் தராசில் அறியலாம். அதைச் சுமக்கும் தொழிலாளியின் உடல் படும் சிரமத்தை அவ்வாறு அறிய இயலாது. வயது வந்த ஆண் சுமக்கும் பளுவை 55 கிலோகிராமுக்குள் அடங்கச் செய்யுமாறு சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967இல் பரிந்துரைத்தது. ஆயினும், 30 கிலோகிராம் சுமைகூட, நடையின் வேகம், வெயில், சுமப்பவரின் உடல்வலிமை ஆகியவற்றுக்கேற்ப இலேசாகவோ கடுமையாகவோ அமையக்கூடும். ஆகவே, உடலைக் கொண்டே உழைப்பை அளக்க வேண்டியதாகிறது.

பம்பாயில், தமிழ்த் தொழிலாளர் பலர் வாழும் தாராவியை அடுத்துள்ள சயானில், மத்திய அரசாங்கத்தின் மத்தியத் தொழிலாளர் நிலையம் 1966 முதல் இயங்கி வருகிறது. உழைப்பினால் உடலில் உண்டாகும் மாறுதல்களை ஆராய்வது அதன் பணிகளுள் ஒன்று. சென்னைத் தரமணியிலும் இத்துறையைச் சார்ந்த மண்டல நிலையம் உள்ளது.

இதற்கான முறைகள் முக்கியமாக இரண்டு. முதலாவது, பிராணவாயுவின் செலவை அளத்தல். வேலை செய்பவர் வெளிவிடும் மூச்சை ஒரு பையில் சேர்த்துப் பகுத்தாய்வர். ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த டக்ளஸ் 1911இல் அமைத்த பை இவ்வகையினது. உடல் ஒரு லிட்டர் பிராணவாயுவைச் செலவிட்டால், ஏறத்தாழ 5 கிலோகலோரி சக்தி வெளிப்படுகிறது.

இம்முறையைக் கையாண்டு எஸ். ஆர். தத்தா, என். எல். ராமநாதன் ஆகிய இருவரும் 1971இல் வெளியிட்ட ஆராய்ச்சி நமக்குப் பயன்படுவதாகும். 30 கிலோகிராம் சுமையை ஏழு விதமாகச் சுமக்கச் செய்து அவர்கள் ஒப்பிட்டனர். மார்பிலும் முதுகிலும் பகிர்ந்து சுமக்கையில் ஆகும் செலவை 100 எனக் கொண்டால், தலைச்சுமைக்கு 103 ஆகிறது. கைகளில் தொங்கவிட்டுச் சுமந்தாலோ 144 ஆகிறது. எடை ஒன்றே; பளு வேறு.

இரண்டாவது முறை நாடித் துடிப்பை எண்ணுதல். உழைப்பு மிகுந்தால் துடிப்பும் மிகும். உஷ்ணத்தினால் உண்டாகும் சிரமமும் இதில் புலப்படும். பிராணவாயு அளவையில் அது நன்கு புலப்படுவதில்லை. மேலும், இதற்குக் கடிகாரம் ஒன்றே போதுமானது.

பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ந்த லூசியான் புரூஹா வகுத்த வழி எளியது. வேலை நின்றதும் தொழிலாளியை உட்கார வைத்து, முதல், இரண்டாம், மூன்றாம் நிமிஷங்களின் பிற்பாதியில் மட்டும் நாடியை எண்ணி இரட்டிக்க வேண்டும். முதல் அளவு 110க்கு மேற்படாமலும், மூன்றாவது அதைவிட 10 துடிப்பேனும் குறைந்தும் இருப்பின், பளு தாங்கக்கூடியதே. காலை முதல் மாலை வரை, ஓய்வுதோறும் எண்ணிக்கை உயர்ந்துகொண்டே போனால், களைப்புத் தீராமல் சேர்ந்து வருகிறது எனக் கொள்ள வேண்டும். தேநீர், புகையிலை, காய்ச்சல், அச்சம் ஆகியவையும் துடிப்பை உயர்த்துமாதலால், அவற்றையும் விசாரித்துக் குறித்துக் கொள்ளுதல் அவசியம்.

எட்டு மணி நேர உழைப்புக்கு உரிய எல்லை யாது? சாஹா முதலியோர் 1979இல் இந்தியத் தொழிலாளர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வின்படி, ஒருவரது உச்சப் பிராணவாயுத் திறனில் 35 சதவீதம் வரையே ஏற்கத்தக்கது. அந்நிலையில் நாடித் துடிப்பு நிமிஷத்துக்குச் சுமார் 110. எடுத்துக்காட்டாக, நிமிஷத்துக்கு 0.84 லிட்டர் பிராணவாயு கோரும் வேலை, 2.4 லிட்டர் திறனுள்ளவருக்குச் சரியாக 35 சதவீதமாகும். அரைகுறை உணவால் மெலிந்து 1.8 லிட்டர் திறனே உடையவருக்கு அதுவே 47 சதவீதமாகிவிடுகிறது. இருவருக்கும் ஒரே வேலை, ஒரே ஓய்வு என விதித்தல் இரண்டாமவரை வருத்துவதாகும்.

ஆசிரியர்கள் மாணவரைப் படியேறி இறங்கச் செய்து இதனை வகுப்பிலேயே விளக்கலாம். களப்பணியாளர்களுக்கோ இது இன்னும் பெரிய துணை. பிற்பகலில் தளர்ந்து நிற்பவரைச் சோம்பேறி என மேற்பார்வையாளர் கடிந்துகொள்வது பல இடங்களில் காணும் வழக்கம். மூன்று நிமிஷம் நாடியைப் பிடித்து எண்ணினால் உண்மை தெரிந்துவிடும். அதன்பின் ஓய்வையும் நிழலையும் குடிநீரையும் தக்க அளவில் ஏற்பாடு செய்வது கடினமன்று.